தேறுதல்: டானிக் மருந்தும் தமிழ்ச் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் மருந்துப் புட்டிக்கு என்ன வேலை என்று அவையோர் எண்ணக்கூடும். அதை இங்கே கொண்டுவந்தது ஒரு சொல். நோயிலிருந்து மீண்டவரைக் கண்டு "உடம்பு தேறிவிட்டது" என்கிறது தமிழ். துயருற்றவர்க்கு ஆறுதல் கூறுவது தேற்றுதல். ஒருவரை ஆராய்ந்து நம்புவது தேறுதல். கலங்கலிலிருந்து தெளியவைத்து எடுத்த மது தேறல். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் விதை தேற்றாங்கொட்டை. அந்த விதையைக் கொண்டு செய்யும் தேற்றாங்கொட்டை லேகியம், மெலிந்த உடம்பைத் தேற்றச் சித்த மருத்துவர் தரும் மருந்து. மருந்துகளின் செய்கையைக் கூறும் சித்த மருத்துவ நூல்கள் உடற்றேற்றி, உரமாக்கி என்னும் பெயர்களை வழங்குகின்றன. டானிக் என்னும் அயற்சொல் புட்டியில் அடைபட்டு வந்து சேர்வதற்கு முன்பே, அது செய்யவேண்டிய தொழிலுக்குத் தமிழில் பெயர் இருந்தது.

டானிக் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இழுத்துக் கட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தளர்ந்ததை முறுக்கேற்றுவது என்பது அதன் கருத்து. மேலை இசையில் ஆதார சுருதிக்கும் அதுவே பெயர். யாழின் நரம்பும் உடம்பின் நரம்பும் தமிழில் ஒரே சொல்லாக நிற்பதை அவையோர் அறிவர். அதனால்தான் 'நரம்புத் தளர்ச்சி' என்னும் விளம்பரத் தொடர் தமிழர் செவியில் அத்துணை எளிதாக இறங்கியது.

தமிழில் உடம்பு மீள்வதும் மனம் நம்புவதும் ஒரே வினையால் கூறப்படுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் டானிக் வணிகம் முழுவதும் இந்த இரு பொருள்களின் இணைப்பில்தான் நின்றது. புட்டிக்குள் இருந்தது உடம்பைத் தேற்றியதா, புட்டியின்மேல் எழுதியிருந்தது மனத்தைத் தேற்றியதா? இரண்டும் பொருந்திய இடம் எது, பிரிந்த இடம் எது? இவ்வினாக்களே இவ்வுரையின் பொருள்.

மீன் சுமந்த மனிதர்

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாக வடக்கே சென்றால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே பரந்து கிடக்கிறது. ஆரணியாறு தெற்கிலிருந்து வந்து கலக்க, சிறீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலை மறித்து நிற்கிறது. ஏரியில் வலைவீசும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இங்குள்ள மீனவர்களிடையே தலைமுறைகளாக இருந்துவருவது. ஏரியில் மடவையும் இறாலும் நண்டும், கடலில் சுறாவும் திருக்கையும் இவர்கள் கைப்படும் செல்வங்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டாக்கிக் கொடுப்பது தமிழ்நாட்டுக் கடற்கரை முழுதும் உள்ள பழக்கம். மருந்துக் கடை இல்லாத காலத்துத் தாய்மார்க்கு அதுவே உடற்றேற்றி.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் மற்றொரு மீன் மருந்தாகிக்கொண்டிருந்தது. வடகடலின் காட் மீனுடைய ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை நார்வேயின் மீனவக் குடும்பங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர்கள் அதனைக் கணை நோய்க்கும் மூட்டு வலிக்கும் உடல் மெலிவுக்கும் எழுதிக் கொடுக்கலாயினர். நாற்றமும் கசப்புமே அதன் குறை. குழந்தைகள் வாய்திறக்க மறுத்தனர். 1876இல் நியூயார்க்கில் ஸ்காட், பவுன் என்னும் இருவர் அந்த எண்ணெயைக் கிளிசரினோடும் சுண்ணாம்புச் சத்தின் உப்புகளோடும் கடைந்து பால்போலாக்கி விற்கத் தொடங்கினர். அதுவே ஸ்காட்ஸ் எமல்ஷன். தம் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான காட் மீனை முதுகில் சுமந்து நிற்கும் மீனவர் ஒருவரின் படம் அதன் அடையாளக் குறியாயிற்று. இந்தியாவின் நகர்களிலும் சிற்றூர்களிலும் அந்தப் படம் பரவியது. எழுத்தறியாத தாயும் படத்தைக் கொண்டே புட்டியை அடையாளம் கண்டு வாங்க இயன்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. உலகப் புகழ் பெற்ற ஒரு டானிக்கின் முகம் மருத்துவரின் முகமன்று, அரசரின் முகமுமன்று. கடலிலிருந்து மீண்டு வந்த ஒரு மீனவரின் உருவம் அது. தேறுதல் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை.

ஈரலில் இருந்த உண்மை

அந்த மருந்து உண்மையில் வேலை செய்ததா? செய்தது. ஏன் செய்தது என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. 1913இல் அமெரிக்காவில் மெக்காலமும் டேவிஸ் என்னும் பெண் அறிஞரும் கொழுப்பில் கரையும் ஓர் உயிர்ச்சத்தைக் கண்டறிந்தனர். அது பின்னர் உயிர்ச்சத்து ஏ எனப் பெயர்பெற்றது. 1919ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, கணை நோயை உணவால் உண்டாக்கவும் காட் ஈரல் எண்ணெயால் தடுக்கவும் முடியும் என்று நாய்க்குட்டிகளைக் கொண்டு நிறுவினார். முதல் உலகப் போருக்குப் பின் பசியில் வாடிய வியன்னா நகரக் குழந்தைகளிடம் ஹாரியட் சிக் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் அதே உண்மையைக் கண்டனர். எண்ணெயும் வெயிலும் குழந்தைகளின் எலும்பை நேராக்கின. 1922இல் மெக்காலம் அந்தச் சத்தை வேறுபிரித்துக் காட்டினார். அதுவே உயிர்ச்சத்து டி.

தமிழகக் கடற்கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்குப் பெருங்கேடு விளைவித்தது உயிர்ச்சத்து ஏ குறைபாடு. மாலைக்கண்ணில் தொடங்கி, கருவிழி உலர்ந்து, பின் அது கரைந்தொழுகிக் குழந்தை பார்வையிழப்பதில் முடியும் நோய் அது. 1819இல் தோன்றிய சென்னை அரசு கண் மருத்துவமனையில் ரைட் என்னும் மருத்துவர் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இத்தகைய குழந்தைகளைத் தொடர்ந்து கண்டு எழுதிவந்தார். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவர் அய்க்ராய்டும் அவரும் இணைந்து ஆராய்ந்தனர். நோய் முற்றுமுன் வந்த குழந்தைக்குக் காட் ஈரல் எண்ணெயே கண்ணைக் காத்தது. மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் கொடுத்த நாட்டுப்புறத் தாயின் அறிவும் இந்த அறிவியலும் ஒரே பொருளைத்தான் சுட்டின. உயிர்ச்சத்து ஏ சேமித்துவைக்கப்படும் கருவூலம் ஈரல்.

1940ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேக்குள் நுழைந்தது. காட் எண்ணெயின் வரத்து அற்றுப்போயிற்று. அப்போதுதான் சென்னை மாகாண அரசு தன் கடலை நோக்கியது. மேற்குக் கரையில், அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதியாயிருந்த கோழிக்கோட்டில், மீன்துறை சுறா ஈரல் எண்ணெய் உற்பத்தியைத் தொடங்கியது. நம் கடற்சுறாக்கள் பலவற்றின் ஈரல் எண்ணெயில் காட் எண்ணெயைவிடப் பல மடங்கு உயிர்ச்சத்து ஏ இருப்பது தெரியவந்தது. கடற்கரையில் மலிவாகக் கிடந்த ஈரலுக்கு விலை வந்தது. 1907இல் தோன்றிய பரோடாவின் அலெம்பிக் நிறுவனம் சுறா எண்ணெயோடு இரும்புச்சத்தைக் கூட்டி வெளியிட்ட 'ஷார்க்கோஃபெரால்' என்னும் டானிக் பல வீடுகளின் அலமாரியில் இடம்பெற்றது. 1947இல் உயிர்ச்சத்து ஏவைச் செயற்கையாக ஆக்கும் முறை உருவானபின் ஈரலின் மவுசு மெல்லக் குறைந்தது. 1970இல் இந்திய அரசு குழந்தைகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை உயிர்ச்சத்து ஏ கரைசலை வாய்வழி தரும் திட்டத்தைத் தொடங்கியது. சொட்டு மருந்தாக வரும் அந்தக் கரைசல், ஈரல் எண்ணெயின் வழித்தோன்றலே.

இது சொல்லும் பொருளும் பொருந்திய கதை. இல்லாத சத்தை மருந்து கொடுத்தது, உடம்பு தேறியது. அளவு மீறினால் அதே சத்து நஞ்சாகும் என்பதையும் அறிவியல் கூறியது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் ஒரு மருந்தின் பெயரையும் கூறாமல், உண்ணும் அளவையும் செரிமானத்தையுமே பெரிதும் பேசுவது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

தஞ்சையின் சஞ்சீவி

மேலை மருந்து கப்பலில் வந்திறங்கிய காலத்தில், தமிழ் மருத்துவமும் புட்டியில் புகுந்து அஞ்சலில் பயணம் செய்யத் தொடங்கியது. விலை பெற்றுப் பொருளை ஒப்படைக்கும் வி.பி.பி. முறை 1877இலும், பணவிடை முறை 1880இலும் இந்திய அஞ்சல் துறையில் நடப்புக்கு வந்தன. மருத்துவரை நேரில் காண இயலாதவரும் ஒரு மடலெழுதி மருந்து பெற வழி பிறந்தது. நாடி பார்த்த கையின் இடத்தை எழுதிய சொல் பிடித்துக்கொண்டது.

இந்த வழியில் நடந்தவருள் தமிழ் அன்பர் மறக்கலாகாதவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் மருத்துவம் அறிந்ததாக அவர் வரலாறு கூறும். தஞ்சையில் பள்ளி ஆசிரியராயிருந்து, பின் அத்தொழிலை விடுத்து முழுநேர மருத்துவரானார். துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாள் ஆசிரியப் பணியிலும் மருந்துப் பணியிலும் உடனின்றார். 'கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள்' என்னும் பெயரில் அவர்கள் ஆக்கிய மருந்துகள் தமிழகத்தைக் கடந்தும் சென்றன. தஞ்சைக்கு வெளியே அவர் அமைத்த மூலிகைத் தோட்டம் பண்டிதர் தோட்டம் என்றே பெயர்பெற்றது.

மருந்தால் வந்த பொருளைப் பண்டிதர் என்ன செய்தார் என்பதே இலக்கியவாதிகள் கருதவேண்டியது. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். தம் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை நிலைநாட்டச் சென்றார். 1917இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைத்தமிழ் ஆராய்ச்சிப் பெருநூலைத் தம் அச்சகத்திலேயே பதிப்பித்தார். சுருதி 22 என்ற கொள்கையை மறுத்து, இளங்கோவடிகளின் காப்பியத்தையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு 24 என்று வாதிட்டார். 1919இல் மறைந்தார். அவர் முடிவுகளோடு உடன்படாத இசையறிஞரும் உண்டு. எனினும் பண்டை இசைத்தமிழ் பற்றிய நவீன ஆராய்ச்சி அவரிடமிருந்து தொடங்குகிறது என்பதை அவர்களும் மறுப்பதில்லை.

ஊர்பேர் தெரியாத நோயாளிகள் அஞ்சலில் அனுப்பிய சிறுசிறு தொகைகளில் தமிழிசை ஆராய்ச்சி பிழைத்தது என்பது மிகையாகாது. காலரா நாளில் ஒரு மாத்திரைக்கும், நெடுங்காய்ச்சல் கழிந்தபின் ஒரு லேகியத்துக்கும் பணம் அனுப்பிய குடும்பம், தான் ஒரு நூலையும் வளர்க்கிறது என்று அறிந்திருக்காது. அதே காலத்தில் காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் தெலுங்குக்கு 'ஆந்திர பத்திரிகை'யைத் தந்தது. சென்னையின் கேசரி குடீரம் பெண்களுக்கான 'லோத்ரா' என்னும் மருந்தை விற்ற பொருளில் 'கிருகலட்சுமி' என்னும் தெலுங்குத் திங்களிதழை 1928 முதல் நடத்தியது. தென்னாட்டு எழுத்து மருந்துக்குக் கடன்பட்டது. இந்தக் கடன் ஒருவழிக் கடனன்று. மருந்தும் எழுத்துக்குக் கடன்பட்டது. அந்தக் கணக்கைப் பார்ப்போமானால் மகிழ்ச்சி குறைகிறது.

ஆற்றுப்படையும் நற்சான்று மடலும்

பழைய தமிழ் இதழ்களைப் புரட்டுவோர் மருந்து விளம்பரங்களில் ஓர் உரைநடை வடிவத்தைத் திரும்பத் திரும்பக் காண்பர். நற்சான்று மடல் என்பது அதன் பெயர். இத்தனை ஆண்டு நோயில் கிடந்தேன், இத்தனை மருத்துவர் கைவிட்டனர், நண்பர் ஒருவர் சொன்னார், மூன்று புட்டி அருந்தினேன், இன்று புதுப்பிறவி எடுத்தேன், என்னைப்போல் துன்புறுவோரும் பயன்பெறுக என்பது அதன் நடை. கவிஞர்கள் இந்த நடையை உடனே இனங்காண்பர். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை வழியில் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படையின் அமைப்பே இது. பத்துப்பாட்டில் செம்பாதி இவ்வகை.

அமைப்பு ஒன்றாயினும் அடிப்படை வேறு. ஆற்றுப்படையில் பேசுபவன் பெற்றவன். அவன் கையிலிருக்கும் பொருளே அவன் சொல்லுக்குப் பிணை. அச்சில் வந்த நற்சான்று மடல்களில் மெய்யானவை உண்டு. எழுதியவர் எவர் என்றே தெரியாதவையும் உண்டு. பசியின்மை, இரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி, மறதி, மலட்டுத்தன்மை, சோர்வு என எல்லா நோய்க்கும் ஒரே புட்டியைக் காட்டிய விளம்பரங்களில், மருந்தின் சரக்குப் பட்டியலைவிட நோய்ப் பட்டியலே நீளம். 'பேடண்டு' என்ற சொல்லுக்கு வெளிப்படையானது என்பது மூலப்பொருள். ஆயினும் அப்பெயரில் விற்றவற்றுள் பெரும்பாலானவை சரக்கை மறைத்தே விற்றன. சொல்லைத் திறந்து பொருளை மூடினர்.

அருந்தியவர் தெம்பு பெற்றதாக உணர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1875இல் பெண்களுக்கென வெளிவந்த லிடியா பிங்கம் என்னும் பெயர்பெற்ற டானிக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாராயம் இருந்தது. ஆயுர்வேத அரிட்டங்களில் புளிப்பேறும்போது இயல்பாகவே ஓரளவு மது உண்டாகிறது. சிறிதளவு மதுவும் கசப்புச் சரக்கும் பசியைத் தூண்டும். உடம்பில் ஒரு வெம்மையை ஏற்படுத்தும். வெம்மை அடங்கியதும் பழைய சோர்வு மீளும். தேறல் தந்த மயக்கத்தைத் தேறுதல் என்று மயங்கிய நிலை அது. 1948இல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தபின் சிலர் அத்தகைய மருந்துகளை மருந்துக்காக வாங்கவில்லை என்பதும் ஊரறிந்த செய்தியே.

கேடு மயக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1930இல் அமைக்கப்பட்ட கர்னல் சோப்ரா குழு இந்திய மருந்துச் சந்தையில் போலிகளும் தரமற்றவைகளும் மலிந்திருப்பதை 1931இல் அறிக்கையாகத் தந்தது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை இனிப்பு நீர்மமாக்கப் பயன்படுத்திய டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் நூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொன்றது. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940இலும், மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954இலும் இயற்றப்பட்டன. இத்தனைக்குப் பின்னும் 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்ட இருமல் நீர்மம் ஒன்றில் அதே நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலரின் உயிரைப் பறித்தது. இனிப்பாயிருக்கிறது, புட்டியில் அழகிய பெயர் இருக்கிறது என்று நம்பிக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்த தாய்மார் அவர்கள். ஆராயாத நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர் ஆராயவேண்டிய கடமையுடையோர் அல்லர் என்பதே அந்தத் துயரத்தின் கொடுமை.

நம்பிக்கை எதுவரை?

அப்படியாயின் சொல்லால் வரும் தேறுதல் முற்றும் பொய்யா? மருத்துவம் அவ்வாறு கூறவில்லை. 1955இல் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர், சரக்கேயில்லாத மருந்தாலும் நோயாளர் பலர் வலி குறைந்ததாகக் கூறுவதைத் தொகுத்துக் காட்டினார். பின்வந்தோர் அவர் கணக்கைத் திருத்தினர். ஆயினும் வலி, குமட்டல், உறக்கமின்மை முதலியவற்றில் நம்பிக்கைக்கு இடமுண்டு என்பது நிலைபெற்றது. காய்ச்சலில் கிடந்தெழுந்தவருக்கு மாலைதோறும் ஓர் அவுன்சு டானிக்கை அளந்து ஊற்றும் கை, அவர் மீளவேண்டும் என்று வீடு விரும்புவதை அறிவிக்கிறது. அந்த அளவுக் குப்பியைச் சுற்றித்தான் அவருக்கு முட்டையும் பாலும் ஓய்வும் கிடைத்தன. புட்டி தீரும்போது நோயாளி தேறியிருந்தால், தேற்றியது எது என்று பிரித்துச் சொல்வது அரிது.

ஆனால் நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. வலியைத் தாங்கும் வலிமையை அது தரும். குருதியில் இல்லாத இரும்பை அது தராது. கண்ணில் இல்லாத உயிர்ச்சத்தை எந்த நற்சான்று மடலும் ஊட்டியதில்லை. பண்டிதரும் ஒரு புட்டிப் பெயரை நம்பி மருந்து விற்றவரல்லர். மூலிகையைத் தம் தோட்டத்தில் தாமே வளர்த்தவர். சொல்லுக்குப் பின்னால் வேர் இருந்தது.

இன்றைய புட்டி

இந்த எல்லையை மீஞ்சூர் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தும். 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். இருவரில் ஒருவருக்கு மேல். விடியுமுன் ஏலத்துக்கு ஓடி, கூடை சுமந்து, பகலெல்லாம் சந்தையில் நின்று, மாலையில் அடுப்பை மூட்டும் மீனவப் பெண்ணும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணும் இந்தக் கணக்கிற்கு வெளியே நிற்பதற்குக் காரணம் ஏதுமில்லை. உயர்ந்த மீனும் இறாலும் விலைக்குப் போகின்றன. பிடித்த வீட்டில் மிஞ்சுவது சிறுமீன். அந்தச் சிறுமீனிலும் உடம்பு எளிதில் ஏற்கும் இரும்பு உண்டு. ஆனால் வீட்டின் பந்தியில் கடைசியில் உண்பவளின் தட்டுக்கு அது எவ்வளவு வந்து சேர்கிறது என்பதே வினா.

இன்று டானிக் வேறு வழியில் வருகிறது. 1970 முதல் நாடு முழுவதும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்பட்டுவருகிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ் 2018இல் அறிமுகமான ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சை, நெய் ஆகியவற்றோடு இரும்புச்சத்து டானிக்கும் இடம்பெற்றது. பழைய புட்டிகள் பல பொய்யாகக் கூறியதை இந்தப் புட்டி மெய்யாகச் செய்ய வல்லது. முறையாக உட்கொண்டால் மூன்று நான்கு வாரங்களில் குருதியின் நிறச்சத்து உயரத் தொடங்கும். அதன் பின்னும் சில திங்கள் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிறையும்.

ஆனால் இந்தப் புட்டிக்குச் சொல் இல்லை. மீன் சுமந்த மனிதர் இல்லை. சஞ்சீவி என்னும் பெயர் இல்லை. நற்சான்று மடல் இல்லை. குடித்த முதல் வாரத்தில் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது. அது இயல்பு, அஞ்சவேண்டியதில்லை என்று எடுத்துரைக்க ஆளில்லாத வீட்டில், பெண் அஞ்சி நிறுத்திவிடுகிறாள். குழந்தை பெரிதாக வளர்ந்து பேறு கடினமாகும் என்னும் ஆதாரமற்ற சொல்லும் உடன்சேர்கிறது. சாப்பிட்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்பு உடம்பில் நன்கு சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடனிருந்தால் நன்கு சேரும் என்பது மிக எளிய செய்தி. அந்த எளிய செய்தியைச் செவியில் நிற்கும்படி சொல்லும் ஒரு வரி கிடைக்காமல் மருந்து மாடக்குழியில் உறங்குகிறது. கிராமச் செவிலியர் சொல்கின்றனர். ஒரு செவிலியர் எத்தனை குப்பங்களுக்குச் சொல்வார்?

முன்னாளில் பொய்யான மருந்துக்கு நல்ல சொற்கள் கிடைத்தன. இந்நாளில் மெய்யான மருந்து சொல்லின்றி நிற்கிறது. இதுவே தேறுதல் என்னும் சொல்லை ஆராயப்புகுந்தால் வந்து சேரும் இடம். மருந்து உள்ளே சென்றால்தான் உடம்பு தேறும். மனம் தேறினால்தான் மருந்து உள்ளே செல்லும். ஒன்றை மருத்துவம் செய்துவிட்டது. மற்றொன்று மொழியறிந்தோர் செய்யவேண்டியது.

ஒரு காலத்தில் நோயாளிகளின் காசு தமிழ் நூலை அச்சேற்றியது. அந்தக் கடனைத் தீர்க்கும் காலம் இது. பத்தாண்டுகளாகக் கவிதை படைத்துவரும் ஒரு வட்டத்தில் சொல்லின் வலிமையை விளக்கவேண்டியதில்லை. கப்பலில் வந்த எமல்ஷனை எழுத்தறியாத தாய் அறிந்துகொள்ள ஒரு படம் போதுமாயிருந்தது. அரசுப் புட்டியைக் குப்பத்துப் பெண் அறிந்துகொள்ளத் தாலாட்டின் மெட்டில் நான்கு வரி, ஏற்றப்பாட்டின் நடையில் ஒரு கண்ணி, வில்லுப்பாட்டில் ஒரு கிளைக்கதை போதும். அதில் மிகையிருத்தல் ஆகாது. எல்லா நோயும் தீரும் என்று ஒரு சீரும் பாடலாகாது. குமட்டும், கறுக்கும், பொறு, சில திங்களில் தேறுவாய் என்று உள்ளதை உள்ளபடி கூறவேண்டும். பெற்ற பாணன் பெறாதவனிடம் கூறிய அந்தப் பழைய நேர்மையோடு, தேறிய பெண் ஒருத்தியே தேறாத பெண்ணிடம் கூறுவதாக அப்பாட்டு அமையுமானால், அச்சில் கெட்டுப்போன ஆற்றுப்படை மீண்டும் நேராகும்.

பத்தாம் ஆண்டு மலரில் விளம்பரப் பக்கங்களும் இருக்கும். அவற்றுள் மருந்துக் கடைகளும் இருக்கக்கூடும். அவை மலரைத் தாங்கட்டும். அடுத்த பத்தாண்டில் மலரின் கவிதைகள் சில, பழவேற்காட்டுக் குப்பமொன்றில் ஒரு புட்டியின் மூடியைத் திறக்கவைக்கட்டும்.